இயந்திரமும் ஓர் உறுப்பினர்: இன்டஸ்ட்ரியல் மெட்டல் ஆல்பத்தை உருவாக்கி வெளியிடும் முறை

இயந்திர ஓசைகளையும் மெட்டல் கிட்டாரையும் இணைக்கும் இன்டஸ்ட்ரியல் மெட்டல் ஆல்பம் ஒன்றைத் தொடங்கும் குழு, தாளத்தை யார் பிடித்திருப்பது என்பதை எல்லாவற்றுக்கும் முன்பாக முடிவு செய்ய வேண்டும். பல குழுக்கள் கிட்டார் ரிஃப்களை (திரும்பத் திரும்ப வரும் சிறு இசைத்தொடர்களை) எழுதி, டிரம்ஸ் வாசித்துப் பதிவு செய்து, பாடல்கள் உருவான பிறகே சின்த்தசைசர் ஒலிகளையும் இரைச்சல்களையும் அவற்றின் மேல் தூவுகின்றன. அப்படி உருவாகும் ஆல்பம் நல்ல மெட்டல் ஆல்பமாக இருக்கக்கூடும். ஆனால் அதில் இயந்திரம் அலங்காரமாக மட்டுமே நிற்கும், அது கேட்பவருக்கு மூன்றாவது பாடலுக்குள் தெரிந்துவிடும். சற்றும் வளைந்துகொடுக்காத இயந்திரத் தாளத்துக்கு எதிரே, களைப்படையவும் தடுமாறவும் கூடிய மனித உடல் ஒன்று நின்று மோதுவதில்தான் இந்த இசையின் வலிமை இருக்கிறது. அந்த மோதல் பாடல் எழுதப்படும்போதே உள்ளே இருக்க வேண்டும். பதிவான தடங்களைக் கலக்கும் மிக்சிங்கின்போது அதைச் சேர்க்க இயலாது.

இதற்கு முன்னோடிகளின் ஆல்பங்களே சான்று. 1976-இல் லண்டனில் த்ராபிங் கிரிஸில் குழுவினர் தொடங்கிய இன்டஸ்ட்ரியல் ரெக்கார்ட்ஸ் என்னும் நிறுவனத்தின் பெயரிலிருந்து இந்த இசைவகை தன் பெயரைப் பெற்றது; அப்போது அதில் மெட்டல் கிட்டாருக்கு இடமில்லை. 1980களின் பிற்பகுதியில்தான் இரண்டும் சேர்ந்தன. பர்மிங்காமைச் சேர்ந்த காட்ஃபிளெஷ் குழுவின் மையத்தில் ஜஸ்டின் பிராட்ரிக், ஜி.சி. கிரீன் என்று இரண்டு மனிதர்கள் இருந்தார்கள். 1989-இல் வெளிவந்த அவர்களுடைய ‘ஸ்ட்ரீட்கிளீனர்’ ஆல்பத்தில் தாளம் முழுவதையும் அலெசிஸ் எச்ஆர்-16 டிரம் மெஷின் கொடுத்தது. ஆல்பத்தின் கலைஞர் பட்டியலிலும் தாளம் இயந்திரத்தின் பெயரிலேயே எழுதப்பட்டது. அந்த இயந்திரம் ஒரு டிரம்மரைப் போல் நடிக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். அதன் அடிகள் கனமாகவும் தட்டையாகவும் ஒரே அளவிலும் விழுகின்றன. அதனாலேயே அவற்றின் மேல் இழுபடும் கிட்டாரும் குரலும் அவ்வளவு வேதனையோடு ஒலிக்கின்றன.

தாளத்தை எழுதுதல்

ஆகவே, ஒவ்வொரு பாடலையும் தாளத்திலிருந்தே தொடங்குங்கள். இரண்டு அல்லது நான்கு பார் (தாளச் சுற்று) நீளமுள்ள ஒரு லூப்பை, அதாவது மீண்டும் மீண்டும் ஓடும் துண்டை, உருவாக்கி, அதை மட்டும் பத்து நிமிடம் தொடர்ந்து கேளுங்கள். கேட்கக் கேட்கச் சலிப்புத் தட்டினால் அதைக் கைவிடுங்கள். சலிப்பதற்குப் பதிலாக ஒருவித அழுத்தம் கூடிக்கொண்டே போனால் அது பாடலைத் தாங்கும். டெம்போவை (தாளத்தின் வேகத்தை) பொறுத்தவரை அவசரம் வேண்டாம். நிமிடத்துக்கு 70 அடிகளில் நகரும் லூப், 140 அடிகளில் ஓடும் லூப்பைவிட அதிகமாக அச்சுறுத்தக்கூடும். ஏனெனில் அடுத்த அடி விழும்வரை கேட்பவர் காத்திருக்க வேண்டியிருக்கிறது.

இரண்டு வழிகள் உங்கள் முன் இருக்கின்றன. ஒன்று, காட்ஃபிளெஷ் செய்ததுபோல் மனித டிரம்மரே இல்லாமல் எழுதுவது. மற்றொன்று, டிரம்மரையே இயந்திரத்தோடு பூட்டுவது. லாஸ் ஏஞ்சல்ஸின் ஃபியர் ஃபேக்டரி குழு 1995-இல் வெளியிட்ட ‘டிமேனுஃபேக்சர்’ ஆல்பத்தில் டிரம்மர் ரேமண்ட் ஹெரேரா காலால் அடிக்கும் இரட்டைக் கிக் டிரம் அடிகளும் டினோ கசாரெஸின் கிட்டார் அடிகளும் ஒன்றன்மேல் ஒன்று இம்மியும் பிசகாமல் விழுகின்றன. அங்கே மனிதர்களே இயந்திரமாக முயல்கிறார்கள். அந்த முயற்சியின் இறுக்கத்தைத்தான் நாம் கேட்கிறோம். எந்த வழியைத் தேர்ந்தாலும் ஆல்பம் முழுவதற்கும் ஒரே கொள்கையைப் பின்பற்றுங்கள். ஒரு பாடலில் டிரம் மெஷின், அடுத்ததில் தளர்வான நேரடி டிரம்ஸ் என்று மாறி மாறி வைத்தால், ஆல்பம் தனித்தனிப் பாடல்களின் தொகுப்பாகச் சிதறிவிடும்.

மனித டிரம்மர் வாசித்த பதிவைக் கணினியில் சீர்படுத்தும்போது எல்லா அடிகளையும் துல்லியமான காலக் கட்டத்தில் பூட்டிவிடாதீர்கள் என்று மற்ற இசைவகைகளில் சொல்வார்கள். இங்கே கிக் டிரம்மை முழுவதும் பூட்டுங்கள், ஸ்நேரையும் பூட்டுங்கள். சிம்பலையும் இடையிடையே வரும் டாம் அடிகளையும் மட்டும் டிரம்மரின் கையிலேயே விட்டுவிடுங்கள். நிமிடத்துக்கு 100 அடிகளில் ஒரு பதினாறாம் பங்குச் சுரத்தின் நீளம் 150 மில்லிசெகண்ட். அதில் சிம்பல் 10 அல்லது 15 மில்லிசெகண்ட் பின்தங்கினால் பிழையாகத் தோன்றாது, உடல் ஒன்று அங்கே இருப்பதாகத் தோன்றும்.

ஒலிகளைச் சேகரித்தல்

விற்பனைக்கு வரும் சாம்பிள் (பதிவு செய்த ஒலித்துணுக்கு) தொகுப்புகளில் உலோக அடிகளும் ஹைட்ராலிக் சத்தங்களும் ஏராளமாகக் கிடைக்கின்றன. அவற்றை அறவே தவிர்க்க வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் ஆல்பத்தின் முக்கியமான ஒலிகளை நீங்களே பதிவு செய்யுங்கள். 1980-இல் மேற்கு பெர்லினில் உருவான ஐன்ஸ்டுர்சென்டே நோய்பாவ்டன் குழுவினர் தகரங்களையும் இரும்புத் துண்டுகளையும் துளைப்பொறிகளையுமே இசைக்கருவிகளாக்கினார்கள். அவர்களுடைய ஒலிகள் இன்றும் வேறு எவருடையவை போலவும் இல்லாததற்கு அதுவே காரணம்.

ஒரு கையடக்க ரெக்கார்டரும் ஒரு காண்டாக்ட் மைக்கும் போதுமானவை. காண்டாக்ட் மைக் காற்றில் வரும் ஒலியை எடுக்காமல் பொருளின் அதிர்வை நேரடியாக எடுப்பதால், இரும்புக் கதவின் உள்ளே இருந்து கேட்பது போன்ற ஒலி கிடைக்கும். 24 பிட்டில், முடிந்தால் 96 கிலோஹெர்ட்ஸில் பதிவு செய்யுங்கள். உங்கள் மைக் அந்த உயரம்வரை ஒலியை எடுக்குமானால், பின்னர் ஒலியை ஒன்று அல்லது இரண்டு ஆக்டேவ் (ஸ்தாயி) கீழே இறக்கும்போது அது மங்கிப்போகாமல் இருக்க அது உதவும். இறக்கிய பிறகுதான் சிறு பொருள்கள் பேருருவம் கொள்ளும்: மேசைமேல் தட்டிய கரண்டியை இரண்டு ஆக்டேவ் கீழே இறக்கினால் அது தண்டவாளத்தைப் போல் ஒலிக்கும். பணிமனைகளிலோ தொழிற்கூடங்களிலோ பதிவு செய்வதானால் உரியவர்களின் அனுமதியைப் பெறுங்கள். ஓடும் இயந்திரத்தின் அருகே கம்பியோடு கூடிய மைக்கைக் கொண்டுபோகாதீர்கள். ஒவ்வொரு கோப்புக்கும் அதே நாளில் பெயரிட்டுவிடுங்கள்.

திரைப்பட வசனங்களையும் செய்தி அறிக்கைகளையும் வெட்டிச் சேர்ப்பது இந்த இசையின் பழைய வழக்கம். இன்று உரிமையாளரின் ஒப்புதல் இல்லாமல் அதைச் செய்தால் ஆல்பம் இணையத் தளங்களிலிருந்து நீக்கப்படலாம். வசனத்தின் தேவை உண்மையிலேயே இருந்தால், நீங்களே எழுதி, ஒருவரைப் பேசவைத்து, அதைப் பழைய வானொலிப் பெட்டி வழியாக ஒலிக்கவிட்டு மீண்டும் பதிவு செய்யுங்கள். உங்கள் ஆல்பத்தின் பொருளுக்கு ஏற்ப எழுதப்பட்ட வசனம் என்பதால், கடன் வாங்கியதைவிட அது நன்றாகவே பொருந்தும்.

ரிஃபும் கிட்டார் பதிவும்

ரிஃப் எழுதும்போது சுரங்களைக் குறையுங்கள். இரண்டு அல்லது மூன்று சுரங்களே போதும். மாற்றத்தை ஒலியின் நிறத்தில் கொண்டுவாருங்கள். அதே ரிஃப் முதல் முறை மெல்லிய வடிகட்டிய ஒலியிலும், அடுத்த முறை முழு டிஸ்டார்ஷனிலும் (கரகரப்பாகச் சிதைத்த ஒலியிலும்), மூன்றாவது முறை கிட்டாரே இல்லாமல் அதன் தாளத்தில் வெட்டப்பட்ட இரைச்சலாகவும் வரலாம். மினிஸ்ட்ரி குழுவின் வரலாறு இதற்கு நல்ல பாடம். 1983-இல் சின்த்-பாப் ஆல்பத்தோடு அறிமுகமான அந்தக் குழு, 1988-இல் ‘த லேண்ட் ஆஃப் ரேப் அண்ட் ஹனி’யில் கிட்டாரையும், ஒலித்துணுக்குகளை வாசிக்கும் சாம்ப்ளரையும் ஒன்றாக்கியது. கிட்டாரை லூப்பாக நடத்தும் பழக்கம் அவர்கள் வழியாகவே பலருக்கும் சென்றது.

பதிவின்போது ஆம்ப்ளிஃபயர் ஒலியோடு, கிட்டாரின் நேரடி ஒலியையும், அதைப் பதிவுக் கருவியோடு நேரே இணைக்கும் டிஐ பெட்டி வழியாகத் தனித் தடத்தில் எடுத்துவையுங்கள். பின்னால் மனம் மாறினால், அந்தச் சுத்தமான தடத்தை வேறு ஆம்ப்ளிஃபயருக்கோ மென்பொருளுக்கோ அனுப்பிப் புதிய ஒலியை உருவாக்கலாம். ஆம்ப்ளிஃபயரே இல்லாமலும் செய்யலாம் என்பதற்கு நைன் இன்ச் நெய்ல்ஸின் ‘த டவுன்வார்ட் ஸ்பைரல்’ சான்று. அந்தக் குழுவின் தலைவர் ட்ரென்ட் ரெஸ்னர் அதில் கிட்டாரை ஜூம் 9030 என்னும் எஃபெக்ட்ஸ் கருவி வழியாக நேரடியாக மெக்கின்டாஷ் கணினிக்குள் எடுத்து, டர்போசின்த் என்னும் மென்பொருளில் சிதைத்தார். அந்த ஆல்பத்தின் கிட்டார் ஒலியில் அறையின் காற்றே இல்லை. காதுக்குள் நேரே நுழையும் அதன் கூர்மைக்கு அதுவும் ஒரு காரணம் என்றே நான் கருதுகிறேன். விலையுயர்ந்த ஆம்ப்ளிஃபயர் இல்லையே என்று தயங்கும் குழுக்களுக்கு இதைவிட நல்ல துணிவு வேறு கிடைக்காது.

தாள ரிஃப்களை இடப்பக்கம் ஒன்றும் வலப்பக்கம் ஒன்றுமாக இரண்டு முறை தனித்தனியே வாசித்துப் பதிவு செய்யுங்கள். ஒரே பதிவைப் பிரதியெடுத்து இருபுறமும் வைத்தால் அகலம் கிடைக்காது.

குரலைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. குரலுக்கு டிஸ்டார்ஷன் கொடுப்பதானால் சுத்தமான தடத்தையும் கூடவே வைத்திருந்து இரண்டையும் கலந்து பயன்படுத்துங்கள். முழுவதும் சிதைக்கப்பட்ட குரலில் சொற்கள் தொலைந்துவிடும். ஃபியர் ஃபேக்டரியின் பாடகர் பர்ட்டன் பெல் செய்ததுபோல், கர்ஜனைக்குப் பின் தெளிவாகப் பாடும் குரலைக் கொண்டுவந்தால் மனிதனும் இயந்திரமும் ஒரே பாடலுக்குள் முகம் காட்ட முடியும்.

மிக்சிங்

இந்த வேலையின் பெரும்பகுதி கீழ் அலைவரிசைகளில் நடக்கும் இடத் தகராறைத் தீர்ப்பதிலேயே செல்லும். கிட்டாரின் தாழ்ந்த தந்தியை ‘பி’ சுரத்துக்கு இறக்கினால் அதன் அடிப்படை அலைவரிசை ஏறத்தாழ 62 ஹெர்ட்ஸ். பேஸ் கிட்டாரின் அதே சுரம் 31 ஹெர்ட்ஸ். கிக் டிரம்மின் உடல் பெரும்பாலும் 50-க்கும் 70-க்கும் இடையே இருக்கிறது. இவற்றோடு சின்த்தசைசர் பேஸும் அதே இடத்துக்கு வந்து நிற்கும். நான்கும் ஒரே நேரத்தில் முழுமையாக ஒலிக்க முடியாது. கிட்டாரில் 80 முதல் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருப்பதை வடிகட்டி நீக்குங்கள். தனியாகக் கேட்கும்போது கிட்டார் மெலிந்துவிட்டதாகத் தோன்றும். பேஸோடு சேர்த்துக் கேட்டால் அந்தக் கனம் பேஸிலிருந்து வருவது புரியும். பேஸ் கிட்டாரை இரண்டாகப் பிரித்து, கீழ்ப்பகுதியைச் சுத்தமாகவும் மேற்பகுதியை மட்டும் டிஸ்டார்ஷனோடும் வைத்திருப்பது நல்ல முறை. சின்த்தசைசர் பேஸின் கம்ப்ரஸரை (ஒலியளவைத் தானாகக் குறைக்கும் கருவியை) கிக் டிரம்மோடு இணைத்து, கிக் அடிக்கும் ஒவ்வொரு முறையும் அது ஒரு கணம் தாழும்படி செய்யுங்கள்.

கிக் டிரம்மில் இரண்டு மூன்று சாம்பிள்களை அடுக்குவது வழக்கம். அடுக்கிய பின் ஒலி மெலிந்தால், அலைகள் ஒன்றையொன்று அழிக்கின்றன என்று பொருள். ஒன்றின் போலாரிட்டியை, அதாவது அலையின் மேல்-கீழ் திசையை, திருப்பிப் பாருங்கள். அல்லது தொடக்கப் புள்ளிகளைத் திரையில் பெரிதாக்கிப் பார்த்து நேராக்குங்கள். ஒலியைக் கூட்டி இந்தக் குறையை மறைக்க முயல வேண்டாம்.

இரைச்சல் நிறைந்த ஆல்பத்தில் மௌனம் அரிய கருவி. எல்லாத் தடங்களும் திடீரென்று அரை பார் நின்றுவிட்டு மீண்டும் வந்தால், ஒலியளவைக் கூட்டாமலேயே அது முன்பைவிட உரத்ததாகத் தோன்றும். ‘த டவுன்வார்ட் ஸ்பைரல்’ ஆல்பத்தை ஃப்ளட் என்னும் தயாரிப்பாளருடன் சேர்ந்து தயாரித்த ரெஸ்னரும், அதன் மிக்சிங்கில் பெரும்பங்கு வகித்த ஆலன் மோல்டரும் உரத்த பகுதிகளுக்குப் பக்கத்திலேயே ஏறக்குறைய எதுவுமே இல்லாத பகுதிகளை வைத்தார்கள். அந்த ஆல்பத்தைப் பல முறை கேட்ட பின்னும் அந்தத் தாவல்கள் உடலை உலுக்குகின்றன.

உங்கள் காதுகளைப் பற்றியும் ஒரு சொல். 85 டெசிபலில் நாளொன்றுக்கு எட்டு மணி நேரம் என்பது பாதுகாப்பான எல்லையாகப் பரிந்துரைக்கப்படுகிறது. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகிறது. தாழ்ந்த ஒலியில் மிக்ஸ் செய்யுங்கள். தாழ்ந்த ஒலியிலும் வன்மையாகத் தோன்றும் மிக்ஸ்தான் உண்மையில் வன்மையானது.

வெளியீட்டுக்கு முந்தைய இறுதி ஒலிச் சீரமைப்பான மாஸ்டரிங்கை வேறொருவரிடம் கொடுப்பதே நல்லது. அதுவரை கேட்காத காது தேவைப்படும் கட்டம் அது. ஸ்பாட்டிஃபை இயல்பாக எல்லாப் பாடல்களையும் ஏறத்தாழ மைனஸ் 14 எல்யூஎஃப்எஸ் (ஒலியின் உரப்பை அளக்கும் அலகு) அளவுக்குக் கொண்டுவருகிறது. எனவே மற்றவர்களைவிட உரக்க வேண்டும் என்பதற்காகத் தாள அடிகளை நசுக்குவதில் பயனில்லை. இசைத்தட்டாகவும் வெளியிடுவதானால் ஒரு பக்கத்துக்கு ஏறக்குறைய 20 நிமிடங்களுக்குள் நிறுத்திக்கொள்ளுங்கள். கீழ் அலைவரிசைகளை மோனோவாக (இருபுறமும் ஒரே ஒலியாக) வையுங்கள்.

வெளியீடும் வரவேற்பும்

இன்டஸ்ட்ரியல் மெட்டல் ஆல்பம் இரண்டு வகை ரசிகர்களின் முன் செல்கிறது. மெட்டல் ரசிகர்களில் சிலர் டிரம் மெஷினைக் கேட்டதுமே இது மெட்டல் அல்ல என்பார்கள். மின்னணு இசை ரசிகர்களில் சிலர் கிட்டாரைக் கேட்டதும் விலகுவார்கள். இரு தரப்பையும் சமாதானப்படுத்துவதற்காக முதல் பாடலை மென்மையாக்கிவிடாதீர்கள். ஆல்பத்தின் மோதல் எந்தப் பாடலில் மிகத் தெளிவாக இருக்கிறதோ, அதையே முதலில் வெளியிடுங்கள். வானொலியில் எளிதில் ஒலிக்கக்கூடிய பாடலை முன்னே வைத்தால், அதை விரும்பி வருபவர் மற்றப் பாடல்களில் ஏமாற்றம் அடைவார்.

சமரசமற்ற ஆல்பங்களைக் கேட்பவர்கள் குறைவு என்பதும் முழு உண்மை அல்ல. 1994 மார்ச்சில் வெளிவந்த ‘த டவுன்வார்ட் ஸ்பைரல்’ அமெரிக்காவின் பில்போர்டு 200 பட்டியலில் இரண்டாம் இடத்தில் நுழைந்தது. ஜேக்கப் ஹெல்னர் தயாரித்த ராம்ஸ்டைனின் ‘சேன்சுக்ட்’ 1997-இல் ஜெர்மன் மொழிப் பாடல்களோடு வெளிவந்து, அமெரிக்காவிலும் பிளாட்டினம் சான்றிதழ் பெற்றது. மொழி புரியாதவர்களையும் அந்தத் தாளமும் குரலின் கனமும் ஈர்த்தன. இன்னொரு பக்கம், முதல் வாரத்தின் எண்ணை நம்பி முடிவுக்கு வராதீர்கள். 1999-இல் நைன் இன்ச் நெய்ல்ஸின் ‘த ஃப்ராஜைல்’ அதே பில்போர்டு பட்டியலில் முதலிடத்தில் நுழைந்து அடுத்த வாரமே 16-ஆம் இடத்துக்கு இறங்கியது. இன்று அதையே அந்தக் குழுவின் ஆகச்சிறந்த படைப்பாகக் கருதும் ரசிகர்கள் ஏராளம்.

அட்டைப்படத்திலும் காணொளியிலும் மிகுந்த கவனம் தேவை. இந்த இசைவகை தொடக்கத்திலிருந்தே சீருடைகளையும் அணிவகுப்புகளையும் அதிகாரத்தின் சின்னங்களையும் எடுத்துக் காட்டி வந்திருக்கிறது. நோக்கம் விமர்சனமே என்று குழு எண்ணினாலும், பார்ப்பவருக்கு அது போற்றுதலாகத் தெரியலாம். 1998-இல் ராம்ஸ்டைன் ஒரு பாடலின் காணொளியில் நாஜி ஆட்சிக்காகப் படமெடுத்த லெனி ரீஃபென்ஸ்டாலின், 1936 பெர்லின் ஒலிம்பிக்கைப் பற்றிய படக்காட்சிகளைப் பயன்படுத்திக் கடும் கண்டனத்துக்கு உள்ளானது; தங்கள் நிலை என்னவென்று சொல்வதற்கு 2001-இல் ஒரு பாடலையே எழுத வேண்டியிருந்தது. அதே குழுவின் 2009 ஆல்பம் ஜெர்மனியில் சிறார்களுக்கு விற்கக்கூடாத பட்டியலில் சேர்க்கப்பட்டு, 2010-இல் நீதிமன்றத்தின் வழியாகவே அதிலிருந்து விடுபட்டது. ராம்ஸ்டைன் அளவுக்கு வளர்ந்த குழு இதைத் தாங்கிக்கொண்டது. முதல் ஆல்பம் வெளியிடும் குழுவால் இயலாது. ஒரு படிமத்தைப் பயன்படுத்துவதன் காரணத்தை இரண்டு வாக்கியங்களில் சொல்ல முடியாவிட்டால் அதை விட்டுவிடுங்கள். சொல்ல முடிந்தால், அந்த இரண்டு வாக்கியங்களை ஆல்பத்தோடு அனுப்பும் அறிமுகக் குறிப்பிலேயே எழுதுங்கள்.

விமர்சகர்களுக்கு ஆல்பத்தை வெளியீட்டுக்கு ஆறு முதல் எட்டு வாரங்கள் முன்னதாக அனுப்புங்கள். குறிப்பு ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டாம்: யார் வாசித்தார்கள், தாளம் எப்படி உருவானது, ஒலிகள் எங்கே பதிவாயின என்பவை போதும். வரும் விமர்சனங்களைப் படிக்கும்போது, பிடித்தது பிடிக்கவில்லை என்னும் தீர்ப்பைவிட அவர்கள் கேட்டதாக எழுதும் விவரங்களைக் கவனியுங்கள். ‘இயந்திரத்தனமாக இருக்கிறது’ என்று குறை சொல்பவர், நீங்கள் எண்ணியதைச் சரியாகவே கேட்டிருக்கிறார். அவருக்கு அது பிடிக்கவில்லை, அவ்வளவுதான். ‘டிரம்ஸ் எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை’ என்று பலரும் எழுதினால் அது மிக்சிங்கின் குறை; அடுத்த பதிவில் திருத்த வேண்டியது.

ஆல்பம் வெளிவந்த பிறகும் வேலை தொடர்கிறது. ஏனெனில் ரீமிக்ஸ், அதாவது பாடலின் தடங்களை வேறு விதமாகக் கலந்து புதிதாக்குவது, இந்த இசையின் இரண்டாம் வாழ்க்கை. ஃபியர் ஃபேக்டரி 1993-இல் தன் பாடல்களை ஃப்ரண்ட் லைன் அசெம்ப்ளி என்னும் மின்னணு இசைக்குழுவின் ரீஸ் ஃபுல்பரிடம் ஒப்படைத்து ஒரு ரீமிக்ஸ் இபியை (சில பாடல்கள் மட்டும் கொண்ட சிறு வெளியீட்டை) வெளியிட்டது; அந்த உறவே இரண்டு ஆண்டுகளுக்குப் பின் ‘டிமேனுஃபேக்சர்’ ஆல்பத்தின் ஒலியை வடிவமைத்தது. நைன் இன்ச் நெய்ல்ஸ் 2005-இல் ஒரு பாடலின் தனித்தனித் தடங்களை ரசிகர்கள் தாங்களே கலக்கும்படி இணையத்தில் இலவசமாகக் கொடுத்தது. உங்கள் ஆல்பத்தையும் இதற்குத் தயாராக வையுங்கள். ஒவ்வொரு பாடலின் தடங்களையும் ஒரே தொடக்கப் புள்ளியிலிருந்து, மாஸ்டர் எஃபெக்ட்ஸ் இல்லாமல், 24 பிட் வேவ் கோப்புகளாக ஏற்றுமதி செய்யுங்கள். டெம்போவையும் சுருதியையும் கோப்பின் பெயரிலேயே எழுதுங்கள். டிஐ தடங்களையும் சேகரித்த மூல ஒலிகளையும் கூடவே சேர்த்து, இரண்டு வெவ்வேறு இடங்களில் பிரதி வைத்திருங்கள். மேடையில் வாசிக்கும்போது பின்னணியில் ஓட வேண்டிய லூப்களையும், தாளத்தை எண்ணிக்கொடுப்பதற்காக டிரம்மரின் காதுக்கு மட்டும் செல்ல வேண்டிய கிளிக் தடத்தையும் இதே கோப்புகளிலிருந்துதான் தயாரிக்க வேண்டியிருக்கும்.